நடைக் கடிகாரம் எப்போது ஒலிக்க வேண்டும்?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ரவீந்திர சரோவரில் காலை நடைக்கு வருபவரின் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். குளிர்காலமானால் தலையில் ஒரு குரங்குக் குல்லாய் இருக்கும். இப்போது மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரமும் சேர்ந்துவிட்டது. நம் சங்கத்து அன்பர்கள் வீட்டில் இது பெரும்பாலும் அவர்களே கடையில் வாங்கியதல்ல. பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் பிள்ளையோ பெண்ணோ விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து, அப்பாவின் கையில் கட்டி, ஏதேதோ பட்டன்களை அழுத்திச் சரிசெய்துவிட்டு, விமானம் ஏறிவிடுகிறார்கள். அதன் பிறகு அது அடிக்கடி கூவுகிறது. ஏன் கூவுகிறது என்பது கட்டியிருப்பவருக்குத் தெரிவதில்லை. சிலர் பயந்து நடையை நிறுத்துகிறார்கள். பலர் கொசுவைப் போல் அதைத் தட்டிவிட்டு நடக்கிறார்கள். இரண்டுமே நல்லதல்ல.

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் மூன்று பேர் அடுத்தடுத்து இதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவனும் அல்ல, மின்னணுப் பொறியாளனும் அல்ல. ஏழெட்டு ஆண்டுகளாக இந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு லேக்கிலும் மைதானத்திலும் நடப்பவன், டிசம்பர் மாதத்தில் கொஞ்சம் ஓடுபவன், அவ்வளவுதான்.

முதலில் கருவிக்கு என்ன தெரியும் என்று பார்த்துவிடுவோம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க அரசின் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய முப்பது சுற்றி வருகின்றன. 'இப்போது மணி இன்னது, நான் இருக்கும் இடம் இன்னது' என்று ஒவ்வொன்றும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கடிகாரம் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் செய்தியாவது கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தவறு வரும். லேக் கரையில் நடந்தால் ஏரியின் நடுவில் நிற்கிறீர்கள் என்று காட்டியிருக்கும்! அந்தப் பிழையை நீக்கிய பிறகுதான் ஓடுபவர், நடப்பவருக்கான கருவிகள் பரவின. கார்மின் நிறுவனத்தின் முதல் ஃபோர்ரன்னர் 2003-இல் வந்தது.

இடம் அளக்கும் கலைக்கும் நம் இரண்டு ஊர்களுக்கும் பழைய உறவு உண்டு என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1802-இல் லாம்டன் துரை தம் நில அளவையைச் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளக்க அவருக்கு ஐம்பத்தேழு நாள் பிடித்தது. அதே பெரும் அளவைக்காக இங்கே பாரக்பூர் டிரங்க் ரோடு ஓரத்தில் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. இன்று நம் மணிக்கட்டில் இருப்பது அந்தச் சங்கிலியின் பேரன்.

இந்தப் பேரனுக்கும் குறைகள் உண்டு. வானம் திறந்திருந்தால் சில மீட்டர் பிழையோடு நிறுத்திக்கொள்வான். மைதானத்தில் அப்படித்தான். ஆனால் லேக்கின் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும், பார்க் ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவேயும் அலை எதிலாவது பட்டுத் திரும்பி வருகிறது. அதனால் தூரக் கணக்கு ஒரு நொடி குறையும், மறு நொடி கூடும். மொத்தத் தூரத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் 'இந்த நொடியில் என் வேகம் என்ன' என்ற எண் மட்டும் குரங்கு போல் தாவும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி எச்சரிக்கைகளுக்கு வருவோம். கருவிகளில் இதற்கு 'அலர்ட்' என்று பெயர். கார்மின் கடிகாரங்களில் மூன்று விதம் உண்டு; மற்ற நிறுவனக் கருவிகளிலும் பெயர்தான் மாறும், விஷயம் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று, ஒரே ஒரு முறை ஒலிப்பது: இரண்டரை கிலோமீட்டர் ஆனதும் ஒலி என்று வைத்தால், அப்போது ஒலித்துவிட்டுச் சும்மா இருக்கும். ஐந்து கிலோமீட்டர் நடக்க நினைப்பவர் திரும்ப வேண்டிய இடம் அது. இரண்டாவது, திரும்பத் திரும்ப ஒலிப்பது: இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடி என்பது போல. மூன்றாவதுதான் முக்கியமானது. இதில் கீழ் எல்லை ஒன்றும் மேல் எல்லை ஒன்றும் நாம் வைக்கிறோம். நாடித்துடிப்போ வேகமோ அந்த வரப்பைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் கூவும்.

பல மாடல்களில் வழி இதுதான்: நடை அல்லது ஓட்டம் என்ற செயலைத் தேர்ந்தெடுங்கள். தொடங்காமல், மெனு பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அந்தச் செயலுக்கான செட்டிங்ஸ் வரும். அதற்குள் அலர்ட்ஸ், அதற்குள் புதிதாகச் சேர்க்கும் இடம். ஒரு செயலுக்கு வைத்தது இன்னொன்றுக்கு வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நடைக்கு வைத்துவிட்டு, ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கிளம்பினால் அது வாயே திறக்காது.

அமெரிக்காவிலிருந்து வந்த கடிகாரமானால் முதலில் பார்க்க வேண்டியது மைலா, கிலோமீட்டரா என்பதை. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 நொடி என்பது மைலுக்கு 12 நிமிடம் 4 நொடி. எண்ணை ஒரு கணக்கில் வைத்து, கருவி வேறு கணக்கில் பார்த்தால், அடி எடுத்து வைத்த நிமிடத்திலிருந்து அலறல்தான்.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். நாடித்துடிப்பு எச்சரிக்கை. பிள்ளைகள் வைத்துவிட்டுப் போகும் எண் பெரும்பாலும் 220-இலிருந்து வயதைக் கழித்து வருவது. 62 வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு 158 என்று அது சொல்லும். 2001-இல் வெளிவந்த இன்னொரு கணக்கு, 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. அதன்படி அவருக்கே 165 வருகிறது. எது சரி? இரண்டும் சராசரி. ஒரே வயதுள்ள இருவருக்கு இதில் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். மிதமான உடற்பயிற்சி என்பது உச்சத்தில் நூற்றுக்கு 64 முதல் 76 வரை என்பார்கள். 158-ஐ உச்சமாகக் கொண்டால் அது 101 முதல் 120 வரை. ஆரோக்கியமாக இருப்பவர் தொடக்கத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

ஆனால் இதய மருந்து சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எங்கள் பக்கத்துக் கட்டடத்து மாமா ஒருவருக்கு அறுபத்தெட்டு வயது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர். தினமும் மெட்டோபுரோலால் மாத்திரை. பிள்ளை வெளிநாட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, மேல் எல்லை 130 என்று வைத்திருந்தான். ஒரு மே மாதக் காலை. எங்களோடு நடந்துகொண்டிருந்தவர் முகம் வெளிறி, வியர்வையில் சட்டை முழுக்க ஒட்டிக்கொண்டு, மூச்சு இரைக்க வந்தார்.

"மாமா, கொஞ்சம் உக்காரலாமே?" என்றேன்.

"இல்லைப்பா, பையன் வெச்ச அலாரம் இன்னும் அடிக்கலையே" என்றார்.

கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தோம். கடிகாரத்தைப் பார்த்தால் 108. அது ஒலிக்கவே ஒலிக்காது. ஏனென்றால் அந்த வகை மாத்திரையின் வேலையே இதயத்தை வேகமாக அடிக்க விடாமல் பிடித்து வைப்பது. பீட்டா பிளாக்கர் என்பார்கள்; அட்டினோலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால் எல்லாம் இந்தக் குடும்பம். உடம்பு முழு மூச்சாக உழைக்கும்போதும் எண் 110-ஐத் தாண்டாமல் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு, மருந்தை நிறுத்தாமலே டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பரிசோதித்து, 'இவருக்கு மேல் எல்லை 100' என்று எழுதிக் கொடுத்தார் அந்த மருத்துவர். இப்போது மாமாவின் கடிகாரம் 100-இல் ஒலிக்கிறது. மாமாவும் நிற்கிறார்.

ஆகவே அன்பர்களே, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் கணக்குப் போட்டு எண் வைக்கவேண்டாம். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரையே எண் கேளுங்கள். அதுவரைக்கும் பழைய பரிசோதனை ஒன்று இருக்கிறது: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். நம்மவர்கள் பேச்சை நிறுத்துவதே அபூர்வமாகையால் இது மிக நுட்பமான கருவி! மார்பில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, தலைசுற்றல், இவற்றை எந்த அலர்ட்டும் கண்டுபிடிக்காது. வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றுவிட வேண்டும், உதவி கேட்க வேண்டும்.

இன்னொரு சங்கடம். கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு ஒன்று மின்னுகிறதே, அது தோலுக்குக் கீழே இரத்தம் வந்து போவதைப் பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் கை வீசி நடக்கும் அதிர்வையே துடிப்பு என்று எண்ணிவிடும். விறுவிறு நடையில் நிமிடத்துக்கு 115 அடி வைக்கிறீர்கள், கடிகாரமும் அசையாமல் 115 என்றே காட்டுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். நின்று, கழுத்தில் விரல் வைத்து முப்பது நொடி எண்ணி இரட்டிப்பாக்கிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே, இறுக்கமாக ஆனால் வலிக்காமல் கட்டவேண்டும். தாய்மார்கள் வளையலுக்கு நடுவே கட்டினால் நிச்சயம் தப்பாகத்தான் காட்டும். வளையல் குறைந்த கையில் கட்டலாம். குளிரில் தோலுக்கு இரத்தம் குறைவாக வருவதால் ஜனவரிக் காலையில் முதல் ஐந்து நிமிட எண்ணை நம்பவேண்டாம். துல்லியம் தேவைப்படுபவர் மார்பில் கட்டும் பட்டை வாங்கிக்கொள்ளலாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு என் யோசனை வேறு. அவர்களுக்கு நாடித்துடிப்பைவிட நேர எச்சரிக்கை உபயோகம். அரை மணிக்கு ஒரு முறை ஒலிக்கட்டும். ஒலித்ததும் நடுக்கம், வேர்வை, பசி ஏதாவது இருக்கிறதா என்று தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் நாலு பதாஷா இருக்கட்டும். இந்த ஊரில் எந்தத் தசகர்மா கடையிலும் கிடைக்கும்.

இனி வேகத்துக்கான எச்சரிக்கை. இதில்தான் இந்த ஊரின் பருவம் குறுக்கே வருகிறது. நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் கொல்கத்தாவின் புழுக்கம் வேறு. ஜூன் மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்காலுக்குச் சூரியன் எழும்போது இங்கே ஐந்துக்கு முன்பே எழுந்துவிடுகிறது. ஆறு மணிக்கு 'அதிகாலை' என்று நாம் கிளம்பும்போது வெயில் ஒரு மணி நேரப் பழசு. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? குளிரவைக்கும் வேலைக்காக இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் ஜனவரியில் நடந்த அதே வேகத்தில் மே மாதம் நடந்தால் துடிப்பு பத்து, பதினைந்து கூடுதலாக இருக்கும். நேரம் போகப் போக, வேகம் மாறாமலே அது இன்னும் ஏறும்.

ஆகவே நான் செய்வது இது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேக எச்சரிக்கையை அடியோடு அணைத்துவிடுகிறேன். துடிப்பின் மேல் எல்லை ஒன்று, தண்ணீருக்கு இருபது நிமிட ஒலி ஒன்று, அவ்வளவுதான். துடிப்பு எல்லையைத் தொட்டால், வேகம் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் குறைத்துவிடுவேன். தாகமில்லாமல் தண்ணீரை வலிந்து குடிக்க வேண்டியதில்லை. ஒலி ஒரு ஞாபகமூட்டல் மட்டுமே. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் இதை வைக்கவே வேண்டாம். துர்கா பூஜை கழிந்து காற்று உலர ஆரம்பித்ததும் வேக எச்சரிக்கையைத் திரும்ப வைப்பேன்.

வைக்கும்போது, முன்னே சொன்ன தாவல் காரணமாக வரப்பை அகலமாக வைக்க வேண்டும். 7:30 என்று குறிவைத்தால் 7:25 முதல் 7:35 வரை என்று குறுக்காதீர்கள். மரத்தடியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கூவிக் கழுத்தறுக்கும். 7:00 முதல் 8:00 வரை இருக்கட்டும். அதைவிட நல்லது, ஒவ்வொரு கிலோமீட்டர் முடிந்ததும் அந்தக் கிலோமீட்டருக்கு எடுத்த நேரத்தைச் சொல்லும் ஆட்டோ லேப். ஆயிரம் மீட்டருக்குள் தாவல்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன.

டிசம்பரில் ரெட் ரோட்டில் நடக்கும் 25 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் போகிறார்கள். 2014-இல் தொடங்கிய ஓட்டம் இது. 2023-இல் கென்யாவின் டேனியல் எபென்யோ 1 மணி 11 நிமிடம் 13 நொடியில் ஓடி உலகிலேயே சிறந்த நேரத்தைப் பதித்தது இங்கேதான். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 நொடி! நாம் மூன்று மணி நேரத்தில் முடித்தால் மார்தட்டிக்கொள்ளலாம். 180 நிமிடத்தை 25-ஆல் வகுத்தால் 7:12. ஆனால் 7:12-ஐ அப்படியே கடிகாரத்தில் வைக்காதீர்கள். பாதையை அளப்பவர்கள் அளவு சரிபார்த்த சைக்கிளில், வளைவுகளில் மிகக் குறுகிய வழியாகப் போய் அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒன்று கூட்டியும் வைக்கிறார்கள். நாமோ கூட்டத்தில் இடமும் வலமும் ஒதுங்கி ஓடுகிறோம். கோட்டைத் தொடும்போது கடிகாரம் 25.3 என்று காட்டுவது சகஜம். 180-ஐ 25.3-ஆல் வகுத்தால் 7:07 வருகிறது. அதைத்தான் நடுவில் வைத்து வரப்புக் கட்டவேண்டும். ஐந்து நொடிதானே என்று தோன்றும். கடைசியில் இரண்டு நிமிடம் தள்ளிப் போகும். மேல் எல்லையைவிட வேகக் கட்டுப்பாட்டு எல்லை முக்கியம், அதாவது 'ரொம்ப வேகமாகப் போகிறாய்' என்று சொல்வது. பாண்டு வாத்தியமும் கூட்டமும் சேர்ந்து முதல் மூன்று கிலோமீட்டரில் எல்லோரையும் எபென்யோ ஆக்கிவிடுகின்றன.

குளிர்காலத்தில் எந்தக் கடிகார அலர்ட்டும் கவனிக்காத ஒன்று புகை. டிசம்பர், ஜனவரியில் காற்று அசையாமல் புகை தரையோடு தங்கிவிடுகிறது. மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவை நிலையங்கள் ரவீந்திர சரோவரிலும் விக்டோரியாவிலும் பாலிகஞ்சிலும் இருக்கின்றன. மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியில் அந்த எண்களைப் பார்க்கலாம். 200-க்கு மேல் என்றால் 'மோசம்' என்று வகைப்படுத்துகிறார்கள். அன்று ஆஸ்துமாக்காரர்கள் வீட்டு மாடிப்படியோடு திருப்தியடையட்டும்.

மொத்தம் எத்தனை எச்சரிக்கை வைக்கலாம்? இரண்டு. மிஞ்சினால் மூன்று. ஏழு வைத்திருக்கும் நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கை ஓயாமல் மணி அடிக்கிறது, அவர் ஓயாமல் அதை அணைக்கிறார். அணைத்துப் பழகிய விரல், நிஜமாகவே நிற்க வேண்டிய நாளிலும் பார்க்காமல் அணைத்துவிடும். ஒலியோடு அதிர்வையும் சேர்த்து வையுங்கள். சதர்ன் அவென்யூவில் பஸ் ஹாரனுக்கு நடுவே ஒலி மட்டும் காதில் விழாது.

கடைசியாக, விழுந்தால் செய்தி அனுப்பும் வசதி. சில மாடல்களில் நாம் கீழே விழுந்ததைக் கருவி உணர்ந்து, சில நொடி பொறுத்து, நாம் ரத்து செய்யாவிட்டால் நாம் குறித்துக் கொடுத்திருக்கும் எண்ணுக்கு இடத்தோடு செய்தி அனுப்பும். இதற்குக் கைபேசி கூடவே இருக்க வேண்டும், அதில் இணையம் ஓட வேண்டும். மேஜை மேல் சார்ஜில் போட்டுவிட்டு வந்தால் பயனில்லை. யாருடைய எண் அதில் இருக்கிறது என்று இன்று மாலையே பாருங்கள். கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்த பிள்ளையின் அமெரிக்க எண்தான் பெரும்பாலும் இருக்கும். நாம் இங்கே காலை ஆறு மணிக்கு லேக்கில் விழுந்தால் அங்கே முந்தின நாள் இரவு. அவன் விழித்திருந்தாலும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து யாரைக் கூப்பிடுவான்? முதலாவதாக எதிர் பிளாட்டுக்காரர் எண்ணைப் போடுங்கள், அவர் பெங்காலியானாலும் நம்மவரானாலும் சரி. இரண்டாவதாகக் கூட நடப்பவர் ஒருவர். பிள்ளையின் எண் மூன்றாவதாக இருக்கட்டும். எதிர் பிளாட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியும் வையுங்கள்; அப்படி ஒரு செய்தி வந்தால் அது விளம்பரமல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.